அந்த மூணாவது நம்பர்

2011 பிப்ரவரில சென்சஸ் எடுக்க எங்க தெருவுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க, திண்ணைல உக்காந்து பெரிய ஃபாரத்த மடியில விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கேட்டாங்க, அப்பாதான் பதில் சொன்னார். என் பேர் வந்ததும் "ரெண்டாவது பையன்"னார். நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். அந்த வருஷம்தான் ஆண் 1, பெண் 2ங்கிறதோட 'மற்றவர்'னு 3 சேர்த்திருந்தாங்க, அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அப்பா முன்னாடி வாயத் திறந்திருக்க மாட்டேன்.

அந்தக் கணக்குல நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டுல 22,364 பேர்னு வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் இதத்தான் திருநர், அதாவது திருநங்கை, திருநம்பி எல்லாரும் சேர்ந்த எண்ணிக்கைன்னு எல்லாரும் எடுத்துப் போடுறாங்க. ஆனா அதுல 54,854 பேர் ஏழு வயசு கூட ஆகாத குழந்தைங்க! தவழுற பிள்ளை தன்னப் பத்தி என்ன சொல்லியிருக்கும்? உடம்ப வச்சு ஆண், பெண்ணுன்னு தெளிவா சொல்ல முடியாம இடைப்பாலா பொறந்த குழந்தைங்க எத்தன, தப்பா எழுதுனது எத்தனன்னு அந்த நம்பர வச்சு பிரிச்சுப் பாக்கவே முடியாது. என்னை மாதிரி கதவுக்குப் பின்னாடி நின்ன திருநங்கைங்க ஆணுன்னு 1ல போயாச்சு. பொறந்தப்ப பெண்ணுன்னு எழுதப்பட்ட ஆம்பளைங்க, அதாவது திருநம்பிகள் எத்தனை பேர் 2ல கெடக்குறாங்களோ.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா எந்த ஃபாரம் வந்தாலும் 'பெண்'ணுன்னுதான் டிக் பண்ணுவாங்க, நான் பொண்ணு, என்னை எதுக்கு மத்தவங்கன்னு எழுதணும்பாங்க. நியாயம்தானே. ஆனா அப்படி எழுதுனா திருநங்கை கணக்குல அவங்க இல்ல, 3 போட்டா பொம்பளைங்க கணக்குல இல்ல. 2015ல எஸ்.ஐ. வேலைக்கு அப்ளை பண்ண திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு அந்த மூணாவது கட்டமே இல்ல, ஹைகோர்ட் வரைக்கும் போய்தான் ஜெயிச்சாங்க. 2014ல சுப்ரீம் கோர்ட் குடுத்த நால்சா தீர்ப்பு, ஒருத்தர் பாலினத்த ஏத்துக்க பாலின மாற்று ஆபரேஷன் கேக்கக் கூடாதுன்னு சொல்லியும், 2019 திருநர் சட்டத்துல ஆண், பெண்ணுன்னு மாத்தி சர்டிஃபிகேட் வாங்க ஆபரேஷன் பேப்பர் கேட்டாங்க.

பொறந்தப்ப என்ன எழுதுனாங்க, இப்ப நீ யாருன்னு ரெண்டு கேள்வியா கேட்டா கணக்கு ஓரளவு சரியா வரும்னு நான் நம்புறேன். ஆனா அத யார் முன்னாடி கேக்குறாங்கங்கிறதும் முக்கியம், வீட்டுக்குத் தெரியாத பிள்ளைக்கு அந்த ரெண்டாவது கேள்வியே ஆபத்து.

இப்ப நான் தனியா வாடகைக்கு இருக்கேன். அடுத்த சென்சஸுக்கு பதில் சொல்லப் போறது நான்தான். வர்றவங்கள வாசல்ல நிக்க வைக்காம, உள்ள வந்து உக்காருங்க டீச்சர், கதவ சாத்திட்டுப் பேசலாம்னு சொல்லணும்.