கீழக்கரை, மண்டபம் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? முதலில் குழாயைத் திறங்கள்

டைல்ஸை அப்புறம் பார்க்கலாம். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளியுங்கள். இராமநாதபுரம் கரையோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் அளந்துவிடுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. அதைத் தாண்டினால் குடிப்பதை விடுங்கள், ஹீட்டர் காயில்கூடத் தாங்காது. மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்று புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் அக்காமாரிடம் கேளுங்கள். ஐந்து நாளுக்கொருமுறை என்றால், குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்குத் தலைக்கு 5 லிட்டர் வைத்தாலே நாலு பேருக்கு 100 லிட்டர் பிடித்துவைக்க இடம் வேண்டும்.

அடுத்து, கூரையை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் உள்கம்பி துருப்பிடித்து உப்பும். கான்கிரீட் வெடித்துப் பெயரும். புதுப் பெயிண்ட் இதையெல்லாம் மறைத்துவிடும். கம்பால் தட்டினால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளம் தேங்குமா என்பதற்கு எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் உள்ள கறைக்கோடே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பார்த்து, தெரு அமைதி என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐஸ் வண்டியும் கருவாட்டு வாடையும் அதற்குப் பிறகுதான் வரும். இராமேசுவரம் கோயில் பக்கம் என்றால் ஆடி அமாவாசையன்று ஒருமுறை நடந்து பாருங்கள்.