டெட் தேறியாச்சு, அப்புறம்தான் அலைச்சல்: தமிழ்வழிச் சான்று வாங்கிய அனுபவம்

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் வேலை உறுதி என்று மண்டபம், பாம்பன் பக்கம் இன்னும் பலர் நம்புகிறார்கள். 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் ஒரு தகுதி மட்டும்தான். பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு, அதன்பின் சான்றிதழ் சரிபார்ப்பு. பி.எட். இரண்டு வருடமும் டெட் இரண்டாம் தாளும் சிக்கலில்லாமல் முடிந்தன. 150 வினா, 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் விடாமல் குறித்துவிடுங்கள். என்னை அலையவைத்தது தமிழ்வழியில் படித்ததற்கான சான்று.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பு முதல் எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ராமேஸ்வரம் தீவில், நடுநிலை மண்டபத்தில், மேல்நிலை ராமநாதபுரத்தில் என்று படித்தவர்கள் நம்மில் நிறைய. ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். நடுவில் ஒரு வகுப்பு விடுபட்டாலும் சான்று நிற்காது.

பள்ளி அலுவலகத்தில் முதலில் கிடைக்கும் பதில், "பழைய பதிவேடு பரண்ல கிடக்கு, அடுத்த வாரம் வாங்க." வெறும் பெயரையும் வருடத்தையும் சொன்னால் யாரும் எழுந்து தேடமாட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் சேர்க்கை எண் இருக்கும். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணைக் கொடுத்ததும் எனக்கு உடனே பக்கம் கிடைத்துவிட்டது. பள்ளியை மூடியிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைத்திருந்தாலோ, பதிவேடு எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இ-சேவையில் விண்ணப்பித்தாலும் கடைசியில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தருவார்கள்.

ஒரு பள்ளியில் 'தமிழை முதல் மொழியாகப் படித்தார்' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அது செல்லாது. ஆங்கில வழியில் படிப்பவரும்தான் தமிழை முதல் பாடமாகப் படிக்கிறார். 'பயிற்று மொழி தமிழ்' என்று இருக்க வேண்டும், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டுகள் என்பதும் வேண்டும். அறிவிக்கையோடு ஆசிரியர் தேர்வு வாரியம் தரும் படிவத்தை அச்செடுத்து எடுத்துப் போங்கள். அவர்களாக எழுதித் தரும்படி விடாதீர்கள்.

பட்டப்படிப்பிலும் பி.எட்.டிலும் இதே கண்ணி இருக்கிறது. வகுப்பு ஆங்கில வழி, தேர்வை மட்டும் தமிழில் எழுதினேன் என்றால் அது தமிழ்வழி ஆகாது. கல்லூரியில் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாற்ற வழியில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பா கரையில் இருப்பார், துணைக்கு வருவார் என்று இந்த வேலையை மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள். பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள்.

கல்யாணமான பெண்கள் கவனிக்க: சாதிச் சான்றிதழ் தகப்பனார் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. தலைப்பெழுத்தும் ஆங்கில எழுத்துக்கூட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் இருக்கிறதா பாருங்கள். அந்தோணி, பாத்திமா போன்ற பெயர்களில் ஒரு தாளில் 'எச்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அரசிதழில் திருத்தி வாங்க நாளாகும். போட்டித் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சான்று கைக்கு வந்ததும் மேசையை விட்டு நகராமல் தலைமையாசிரியர் கையெழுத்து, பெயர் முத்திரை, பள்ளி முத்திரை, தேதி நான்கையும் சரிபாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு முத்திரை விட்டுப்போனால் பாம்பன் பாலத்தை மறுபடியும் கடக்க வேண்டியதுதான்.