பாட்டுக்கும் கிட்டாருக்கும் ஒரே மைக்: வைத்துப் பார்த்த குறிப்புகள்

மைக் வாங்கும் முன் அறையைக் கேட்டுவிடுவது நல்லது. கைபேசி ரெக்கார்டரே போதும். ஃபேனை நிறுத்தி அரை நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டியதும் 'ட்ர்ர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஒலி ஓடினால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள வழக்கமான அறைதான். மைக்குக்குச் செலவிடும் முன் பாடுபவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான ரஜாயைத் தொங்கவிட வேண்டும். இங்கே சொல்லும் மைக்குகள் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கம் பார்த்துக் கேட்பவை. பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவர்தான் அவற்றின் கண்ணில் படும்.

ஒப்பிட்டவை இரண்டு: ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் (வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், நுட்பமாகக் கேட்கும் வகை), ஷூர் எஸ்எம்57 டைனமிக் (மின்சாரம் வேண்டாத, மெதுவான சிக்னல் தரும் வகை). மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை. ரெக்கார்டிங் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எஸ்எம்58 வைத்திருப்பவர்கள் 57 வாங்கத் தேவையில்லை. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே கேப்ஸ்யூல் (ஒலியைப் பிடிக்கும் பகுதி), மேலே உள்ள வலைதான் வேறு.

முதலில் குரல். டைனமிக் அறை ஒலியைப் பிடிக்காது என்பார்கள். அது பாதி உண்மை. இரண்டையும் வாயிலிருந்து 20 செ.மீ.யில் வைத்து, வால்யூமைச் சமன் செய்து கேட்டால் அறை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. டைனமிக்கை நாம் 5 செ.மீ.யில் ஒட்டிப் பாடுகிறோம், அதுதான் விஷயம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறை கூடாது. ஏடி2020-யையும் 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அறை பின்வாங்கிவிடும். ஆனால் அந்தத் தூரத்தில் 'ப' வரும்போதெல்லாம் 'டொப்' என்று அடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் கட்டாயம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் பாதி தொல்லை தீரும். நெருங்க நெருங்க அடித்தொனியும் வீங்கும். ஏடி2020-யில் அடித்தொனியை வெட்டும் லோ-கட் ஸ்விட்ச் கிடையாது, சாஃப்ட்வேரில்தான் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டும். அதே வெட்டைக் கிட்டாருக்குப் போடாதீர்கள். தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான்.

கிட்டாரில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஏடி2020-யின் சென்சிட்டிவிட்டி (ஒரே ஒலிக்கு மைக் தரும் சிக்னலின் அளவு) -37 டெசிபல், எஸ்எம்57-க்கு -56. அதாவது 57-க்கு 19 டெசிபல் கூடுதல் கெய்ன் (இன்டர்ஃபேஸ் சிக்னலைப் பெருக்கும் அளவு) வேண்டும். சோலோவில் மொத்த கெய்னே 56 டெசிபல். ஸ்ட்ரம் செய்யும்போது பிரச்சினையில்லை. விரலால் மெதுவாக மீட்டும்போது 57-க்குக் கெய்ன் குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கிறது, 'ஸ்ஸ்' என்ற ஹிஸ் இரைச்சல் வெளியே வந்துவிடுகிறது. (விவரத்தாளில் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சில கம்பெனிகள் ஒலியழுத்தத்தைப் பாஸ்கலுக்குப் பதில் மைக்ரோபார் என்ற சிறிய அலகின் கணக்கில் போடுவார்கள். அதே மைக் 20 டெசிபல் குறைவாகத் தெரியும்.)

வைக்கும் இடம்: 12-வது ஃப்ரெட்டுக்கு எதிரே 25 செ.மீ., மைக்கின் முகம் லேசாகக் கிட்டார் உடல் பக்கம் திரும்பி இருக்கட்டும். கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் அருகே காற்று அதிர்ந்து பொம்மென்று ஒரே இரைச்சல். பிறகு ஈக்யூவில் (தொனியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு வெட்டினாலும் கம்பிகள் தெளிவாகப் பிரிந்து கேட்காது. மிகச் சத்தமான இடத்தில் சாஃப்ட்வேரின் ஒலி அளவு மீட்டர் -10 டெசிபல் அருகே நின்றால் போதும். 24 பிட்டில் சிவப்பைத் தொட அவசியமே இல்லை.

ஆகவே ஒன்று மட்டும் வாங்கக் காசு இருந்து, அக்குஸ்டிக் கிட்டாரும் வேண்டுமென்றால் கண்டென்சர். பாட்டு மட்டும்தான், அதுவும் பஸ் போகும் தெருவை ஒட்டிய வீடு என்றால் 57 அல்லது 58. மலிவு கண்டென்சர் செட்டுகளில் ஒரு முனையில் மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக் பிளக், மறு முனையில் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் பிளக் உள்ள வயர் வரும். அதை லேப்டாப்பில் செருகினால், கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் கிடைக்காது, சத்தம் சன்னமாகவும் இரைச்சலோடும்தான் வரும். யூஎஸ்பி மைக் வசதிதான். ஆனால் நாளை இரண்டாவது யூஎஸ்பி மைக் சேர்த்தால் இரண்டின் க்ளாக்கும் (உள்ளே நேரத்தை அளக்கும் கடிகாரம்) ஒத்துப்போகாமல் டிராக்குகள் மெல்ல விலகும்.

பாட்டையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் எடுப்பதைவிட, க்ளிக் (தாளத்துக்கான டிக்-டிக் ஒலி) வைத்து முதலில் கிட்டார், பிறகு மூடிய ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே குரல் என்று எடுப்பது எளிது. சேர்த்தேதான் வேண்டுமென்றால் ஒரே ஏடி2020-யை நெஞ்சு உயரத்தில் அரை மீட்டர் தள்ளி வையுங்கள். குரல் அமுங்கினால் மைக்கை மேலே ஏற்றுங்கள், சாஃப்ட்வேரில் ஒலி அளவை மாற்றும் ஃபேடரைத் தொடாதீர்கள்.

கழற்றும்போது கெய்னைக் குறைத்து, 48 வோல்ட்டை அணைத்து, பிறகு வயரை எடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் கண்டென்சரை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் ஈரம் ஏறிப் படபடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.