பென்ஷன் தாளில் என் பெயரைத் திருத்திய கதை

போன நவம்பரில் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர்வாழ் சான்று போட்டுக் கொடுக்க மகள் உட்கார்ந்தாள். போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்பதால் எனக்கு இரண்டே நிமிஷம். அவருக்கு, கண்ணாடியைக் கழற்றுங்கள், வெளிச்சத்துக்கு வாருங்கள் என்று பத்து நிமிஷம். முடித்த கையோடு ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தவள், “அப்பா, யாருப்பா இந்தம்மா?” என்றாள். மனைவி என்ற இடத்தில் என் பெயர் மாதிரி ஒன்று இருந்தது, ஆனால் அது என் பெயர் இல்லை.

எல்லாம் இனிஷியல் செய்த வேலை. 1992ல் ராணுவ நர்சிங் சர்வீஸில் சேர்ந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது? அப்பாவின் பெயரை முழுசாக விரித்துப் பின்னால் எழுதினேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவருடைய யூனிட்டில் கல்யாணத்தை ராணுவப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போட்ட கிளார்க், பெண்டாட்டி என்றால் புருஷன் பெயர் பின்னால் வர வேண்டும் என்று தானாகவே முடிவு செய்து ஒட்டிவிட்டார். ஆதாரில் வெறும் இனிஷியல். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று பெயர். முப்பது வருஷமாக இரண்டு பேருமே இதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதித் தப்பு எங்களுடையதுதான்.

எங்கே சந்தித்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், அவர்தான் நோயாளியாக வந்தார் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். அப்படி இல்லை. 1994, ஜம்மு பக்கம் ஒரு ராணுவ மருத்துவமனை. நான் லெப்டினன்ட், அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் கேப்டன். மஞ்சள் காமாலையோடு படுத்திருந்த அவருடைய ஜவான், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான். “கஞ்சியையாவது குடிடா, உங்கம்மாவா இங்க வந்து ஊட்டுவாங்க?” என்று நான் அதட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் ஆரம்பம்.

உடனே கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை. காரணம் ஜாதகமோ வீட்டாரோ இல்லை. நர்சிங் சர்வீஸில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் அதையே காரணமாகக் காட்டி வேலையிலிருந்து நீக்கலாம் என்று 1977ஆம் வருஷத்து ராணுவ உத்தரவு ஒன்று இருந்தது. ஆண் அதிகாரிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. வேலையை விட்டுவிடு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் விடுவதாக இல்லை. 1995 ஆகஸ்ட் 29 அன்று அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, அடுத்த தையில் வடபழனி முருகன் கோயிலில் தாலி ஏறியது. 1988ல் இதே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு நர்சிங் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என்ன, அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் கேஷுவல். இரண்டு பேர் லீவும் ஒரே நேரத்தில் வந்து, ராணுவத்தினருக்கென்று ரயிலில் ஒதுக்கிய எம்சிஓ கோட்டாவில் டிக்கெட்டும் கிடைத்தால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சேர்ந்து ஊருக்கு வருவோம். முதல் பதினோரு வருஷத்தில் ஒரே வீட்டில் இருந்தது நாலு வருஷம்கூடத் தேறாது. சண்டையெல்லாம் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரிக்குக் கடிதத்தில்தான். பதில் வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்துபோகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்த வடிவம் ஏற்கெனவே இருந்ததால் அதையே ஆதாரமாகக் கொடுத்து மாற்றினேன். அடுத்து, கல்யாணத்துக்கு அத்தாட்சி. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, எங்களிடம் பதிவுச் சான்று இல்லை. பரணில் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி, கடிதக் கட்டுகளுக்கு அடியில் கோயில் ரசீதையும் பார்ட் டூ ஆர்டர் நகலையும் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஆனால் தேடியது அரை மணி நேரம்தான், மீதியெல்லாம் கடிதம் படித்தது.

மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அவர் கணக்கில் ஏற்றினோம். மூன்று வாரம் கழித்து நிராகரிப்பு. பார்ட் டூ ஆர்டரில் இருந்த எழுத்துப்பிழையோடு அந்தப் பெயரைப் பத்திரத்தில் எழுதாமல், நாங்களே நல்லெண்ணத்தில் திருத்தி எழுதியிருந்தோம். தப்பாக இருந்தால் தப்பாகவே, எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஸ்பர்ஷ் சேவை மையத்தில் இருந்த பையன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். மறுபடி பத்திரம், மறுபடி நோட்டரி. ஏப்ரலில் திருத்திய பிபிஓ, அதாவது பென்ஷன் ஆணை, வந்தது.

இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று அவர் நடுவில் அலுத்துக்கொண்டார். எனக்குச் சொந்தப் பென்ஷன் இருந்தாலும், அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பப் பென்ஷனும் சேர்த்து வரும், எனக்கு ஏதாவது ஆனால் அவருக்கும் அப்படித்தான். இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடிகிறது, அப்புறம் ஒருவர்தான் அலைய வேண்டியிருக்கும் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை, போய் ஸ்கேனரை எடுத்து வந்தார்.

இனி என் கணக்கு பாக்கி. 1996ல் எனக்குக் கொடுத்த படிவத்தில் ‘மனைவியின் பெயர்’ என்று மட்டும்தான் அச்சாகியிருந்தது. நான் அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘கணவர்’ என்று எழுதி அவர் பெயரைப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் அதை எப்படிப் படித்துக்கொண்டார்களோ, அந்த இடம் காலியாக இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் நோட்டரி.