மீதியை எண்ணிய மாலை வகுப்பு

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் கணக்கு சார் ஒரு மாலை கரும்பலகையில் எழுதிப்போட்ட கேள்விதான். எந்தெந்த எண்களின் ஃபேக்டோரியலை 7ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? அப்படிப்பட்ட எண்கள் மொத்தம் எத்தனை? (1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது அதன் ஃபேக்டோரியல். 3! என்றால் 1×2×3 = 6. 0!ஐ 1 என்று வைத்துக்கொள்வோம்.)

எண்களுக்கு முடிவே கிடையாதே, எப்படி எண்ணி முடிப்பது என்று விழித்தோம். "எங்கே போய் நிற்குதுன்னு முதல்ல பாருங்கப்பா" என்றார். 7!க்குள் 7 வந்துவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை பெரிய எண்ணை எடுத்தாலும் மீதி 0தான். ஆக, 0 முதல் 6 வரை பார்த்தால் போதும். அதிலும் முழுப் பெருக்கலைப் போட வேண்டியதில்லை. முந்தைய மீதியை அடுத்த எண்ணால் பெருக்கி, மறுபடி 7ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். 0! முதல் 6! வரை மீதிகள் 1, 1, 2, 6, 3, 1, 6 என்று வந்தன. மீதி 1 தருபவை 0, 1, 5 ஆகிய மூன்று எண்கள். 4, 5 என்ற மீதிகள் வரவே இல்லை.

சரி, 11க்குப் போடுங்கள் என்றார். 1, 1, 2, 6, 2, 10, 5, 2, 5, 1, 10. இங்கே மீதி 1க்கும் மூன்று விடைகள், 2க்கும் மூன்று. 3, 4, 7, 8, 9 ஐந்தும் காணோம். இரண்டு பட்டியலிலும் கடைசி மீதி, வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு. எந்தப் பகா எண்ணுக்கும் அப்படித்தான் வரும். அதுதான் வில்சன் தேற்றம். காரணத்தை சார் 11ஐ வைத்தே காட்டினார். 2ஐயும் 6ஐயும் பெருக்கினால் மீதி 1. 3க்கு 4, 5க்கு 9, 7க்கு 8 அதேபோல் ஜோடி. ஜோடி இல்லாமல் நிற்பவை 1ம் 10ம் மட்டும். அதனால் மொத்தப் பெருக்கலின் மீதி 10. கணித அறிஞர் வேரிங் 1770இல் தன் மாணவர் வில்சன் பெயரைச் சொல்லி இதை வெளியிட்டதையும், நிரூபணம் அடுத்த ஆண்டு இன்னொரு கணித அறிஞர் லக்ராஞ்சியிடமிருந்து வந்ததையும் சார் சொன்ன விதத்தில் அவ்வளவு பெருமிதம் இருந்தது. தம் மாணவர்களையும் அவர் அப்படித்தான் நடத்தினார்.

எனக்கு மிகப் பிடித்தது அவர் கடைசியில் காட்டியது. 13ஐ எடுத்துக்கொண்டு, 12! வரை போகாமல் பாதி வழியில் 6!இலேயே நில்லுங்கள். 6! என்பது 720, மீதி 5. அந்த 5இன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் 26. 13 மீதியின்றி வகுக்கிறது. வர்க்கத்தோடு 1 கூட்டினால் 13ஆல் வகுபடும் எண்கள் 13க்குள் எத்தனை என்றால் 5, 8 என்று இரண்டே. அதில் ஒன்றை ஃபேக்டோரியலே எடுத்துக் கொடுத்துவிட்டது! 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எல்லாப் பகா எண்களுக்கும் இது நடக்கும். 4ஆல் வகுத்து மீதி 3 வந்தால் (3ஐ விட்டுவிடுங்கள்) பாதி வழியில் கிடைப்பது 1 அல்லது கடைசி மீதி: 11க்கு 5! தருவது 10, 23க்கு 11! தருவது 1. இரண்டில் எது என்பதை எண் கோட்பாட்டில் வரும் 'வகுப்பு எண்' என்ற ஆழமான ஒன்றோடு கணித அறிஞர் மோர்டெல் 1961இல் இணைத்திருக்கிறார் என்று கல்லூரியில் படித்தபோது, உடனே சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வராத மீதிகள் எத்தனை என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. பெரிய பகா எண்ணால் வகுக்கும்போது மீதிகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு விடுபடும் என்பது கணிப்பு, நிரூபணம் இல்லை. 5க்கு 2!, 3!, 4! மூன்றும் வெவ்வேறு மீதி தருகின்றன. இப்படி 2! தொடங்கி ஒரு மீதியும் திரும்ப வராத, 5ஐவிடப் பெரிய பகா எண் உண்டா என்று கணித அறிஞர் ஏர்டிஷ் கேட்டார். அதற்கும் விடை இல்லை. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நான் கணினியில் இந்தப் பட்டியல்களைப் போட்டுப் பார்க்கிறேன். அந்த மாலை வகுப்பில் இருந்தவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.