எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து இறங்குகிறீர்கள்?

“அந்தப் பதிலை எழுதியது நான்தான் என்று உங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, இல்லையா மிஸ்?”

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. அலுவலகம் வந்து வேலை செய்வது பற்றி ஊழியர்களின் கருத்தைக் கேட்டு ஒரு வினாக்கொத்துக் கொடுத்திருந்தோம். பெயர் எழுத வேண்டாம் என்று அதன் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். அதற்குக் கீழேயே எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று மூன்று கேள்விகள். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூதூரிலிருந்து வருபவர் அவர் ஒருவர்தான். பெயரைக் கேட்காமலே பெயரை வாங்கிவிட்டோம். எனக்கு முன்பே முகாமையாளர் அதைக் கண்டுகொண்டார். அந்தப் பெண்ணை அறைக்கு அழைத்து, “இங்கே வந்து வேலை செய்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார் என்று அந்தப் பெண்ணே சொன்னார். ஆனாலும் அன்று மாலைக்குள் அலுவலகம் முழுவதும் விஷயம் பரவிவிட்டது. இனி எந்தத் தாளிலும் யாரும் உண்மையை எழுதப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது. அந்த மூன்று கேள்விகளையும் எழுதியவள் நான்.

எங்களுடையது திருகோணமலை நகரில் இயங்கும் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பதிந்து பராமரித்துக் கொடுப்பது வேலை. அறுபதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று தரப்பினரும். உப்புவெளியிலிருந்து பத்து நிமிடத்தில் வந்து சேர்பவரும் உண்டு. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று தூரத்திலிருந்து வருபவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மடிக்கணினிகளோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம். தொற்று தணிந்து திரும்பத் தொடங்கிய வேளையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு. ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த 4 லீற்றரை வைத்து யார் எத்தனை நாள் வரலாம் என்று நான் அட்டவணை போட்ட காலம் அது. சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று இன்று எங்களிடம் இருக்கும் கலப்பு முறை வேலையை எவரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. நெருக்கடி விட்டுச் சென்ற பழக்கம் அது. மின்சாரமும் பெற்றோலும் திரும்பி வந்ததும், வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் வர வேண்டும் என்று மேலிடம் கேட்கத் தொடங்கியது. அதற்கு முன் ஊழியர்களைக் கேட்டுப் பார்ப்போம் என்று நான் மன்றாடி வாங்கிய அனுமதிதான் அந்த முதல் வினாக்கொத்து.

அதில் இன்னும் பல பிழைகள் இருந்தன. “அலுவலகச் சூழலும் போக்குவரத்தும் உங்களுக்குத் திருப்தியளிக்கின்றனவா?” என்று ஒரு கேள்வி. மேசை நன்றாக இருக்கிறது, பஸ் கிடைப்பதில்லை என்று நினைப்பவர் எதில் அடையாளமிடுவார்? பெரும்பாலோர் ‘ஓரளவு’ என்பதில் இட்டார்கள். “எத்தனை நாட்கள் அலுவலகம் வர விரும்புகிறீர்கள்?” என்பதற்கு மிக அதிகமாகக் கிடைத்த பதில் மூன்று. மேலிடம் மூன்று நாள் கேட்கிறது என்று மின்னஞ்சல் போய் இரண்டு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த எண் அவர்களுடைய விருப்பம் அன்று, எங்களுடைய விருப்பத்தின் எதிரொலி. சம்பளம் கொடுக்கிற கை கேள்வியையும் நீட்டும்போது இது நடக்கத்தான் செய்யும். ஊழியர்கள் ஒளிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் பழிபோடுவது அநியாயம்.

தூரத்தைக் கிலோமீற்றரில் கேட்டதும் அப்படித்தான். திருகோணமலைக் கரையில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரின் விளக்குகள் இரவில் தெரியும். கண்ணுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. பஸ்ஸில் வருபவர் கிண்ணியாவைச் சுற்றி வர வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்த வழி எவ்வளவோ இலகுவாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் பாலம் இல்லாத இடத்தில் தூரம் என்பது என்ன என்று இந்த மாவட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவுக்கு அருகே குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியும்வரை ஆட்களை ஏற்றி ஓடிய மிதப்புப் பாதை என்ற படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் காலையை அறிந்த ஒரு தாய்க்கு, பிள்ளை வீடு சேர்ந்தானா என்ற கவலையும் பயணத் தூரத்தில் சேர்த்திதான். என் வினாக்கொத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

எனக்கு வழி காட்டியவர் வாசலில் இருக்கும் காவலாளி. கைவிரல் பதிவு இயந்திரத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து பேர் வந்தார்கள், நல்ல வரவுதான் என்று நான் சொன்னபோது அவர் தலையை அசைத்தார். “வருகிறார்கள் மிஸ். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரையோடு பேசிவிட்டுப் போகிறார்கள்.”

அந்த வாரமே மேல்மாடிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. கந்தளாயிலிருந்து வந்த இளைஞர், அன்று வீட்டில் இருந்த தன் குழுவினர் நால்வருடன் காணொளியில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்து, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய அதே வேலையைச் செய்துவிட்டு, மாலையில் மீண்டும் இரண்டு பஸ் மாறிப் போகிறார். எத்தனை நாள் என்ற கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்த நாங்கள், வந்த நாளில் அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறையும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாவது முறை தாளில் கேட்டோம். ஊர், பால், பிரிவு எதுவும் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியாக எழுதினோம்; ஒன்றை எழுதி மற்றதில் பெயர்த்தால் வாக்கியம் விறைத்துவிடுகிறது. பூட்டிய பெட்டியைத் திறந்து தாள்களைத் தொகுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எங்களில் பலருடைய கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால் மூலத் தாள்களை நானும் பார்க்கவில்லை. கேள்விகளும் குறைவு. கடைசியாக அலுவலகம் வந்த நாளை நினைத்துப் பாருங்கள், நேரில் வந்ததால் மட்டுமே முடிந்த வேலை ஏதாவது அன்று இருந்ததா? வீட்டில் வேலை செய்யும்போது எங்கே உட்காருகிறீர்கள்?

உட்காரும் இடத்தைப் பற்றிய கேள்வியைச் சேர்க்கும்போது அதற்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கட்டிலில். அம்மாவின் தையல் மெசின் மேசையில். பிள்ளைகள் தூங்கிய பிறகு குசினியில். ஒருவர் எழுதியிருந்தார்: “என்னை ஐந்து நாளும் வர விடுங்கள். நான் வீட்டில் இருந்தால் வேலையில் இருக்கிறேன் என்று யாரும் நினைப்பதில்லை. தேநீர் கேட்கிறார்கள்.” எல்லோரும் வீட்டில் இருக்கவே ஆசைப்படுகிறார்கள், அவர்களுக்காக வாதாடுகிறேன் என்று இருந்த என் எண்ணத்தையும் அந்தத் தாள் அசைத்தது. அவருக்கு அலுவலகம் என்பது சொந்தமாக ஒரு மேசை.

முகாமையாளரை இணங்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. வீட்டில் இருப்பவர் வேலை செய்யமாட்டார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடன் சேர்ந்தவர்களும் 2024இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வைக் கொண்டுபோய்க் காட்டினேன். சீனாவின் ட்ரிப்.கொம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஆறு மாதம் செய்த சோதனை. ஒரு சாரார் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். அவர்கள் மத்தியில் வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்திறன் மதிப்பீட்டில் வீழ்ச்சி இல்லை. நெடுந்தூரம் பயணிப்பவர்களே விலகாமல் அதிகம் தங்கினார்கள். சோதனைக்கு முன் ஐயப்பட்ட மேலாளர்களே முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது ஷாங்காய், இது திருகோணமலை” என்றார். நியாயமான பதில்தான். “அதனால்தான் சேர், நம்முடைய ஆட்களிடமே கேட்டோம்” என்று தொகுப்பைக் கொடுத்தேன். தையல் மெசின் மேசை என்று எழுதியிருந்த வரியில் அவர் பார்வை நெடுநேரம் நின்றது.

புதன்கிழமை எல்லோரும் அலுவலகம் வரும் பொதுநாள் ஆனது. ஒரு குழு வந்தால் முழுக் குழுவும் வரும். அன்று காணொளிக் கூட்டம் இல்லை. மாதக் கூட்டம் வெள்ளி நண்பகலை ஒட்டி நடந்துவந்தது. ஜும்மாவுக்குப் போகிறவர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பாதியில் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதையும் புதனுக்கு மாற்றினோம். மாலை நான்கு மணிக்குப் பிறகு யாரையும் பிடித்துவைப்பதில்லை. ஐந்து நாளும் வர விரும்புபவர்களுக்கு நிரந்தரமாக மேசை உண்டு. காவலாளிக்கும் துப்புரவு செய்பவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள் என்பதே கிடையாது. முதல் வினாக்கொத்து அவர்கள் கைக்குப் போகவே இல்லை. இம்முறை கேட்டோம். பகல் சாப்பாட்டுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். பின்விறாந்தையில் நீள இருக்கையும் மின்விசிறியும் போட்டோம்.

போக்குவரத்துப் படி கேட்டவர்கள் பலர். அது மறுக்கப்பட்டது. மறுத்ததையும் காரணத்தையும் அறிவித்தல் பலகையில் ஒரு வாரத்துக்குள் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதைவிட, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மனிதர்களை மதிப்பது என்று நான் நம்புகிறேன்.

அடுத்த முறை மாரியில், டிசம்பரில் கேட்கப்போகிறோம். கோடையில் கிடைக்கும் பதிலும் மழையில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது. போன புதன்கிழமை நான்கு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அந்த மூதூர்ப் பெண் என் மேசையருகே நின்றார். இரண்டாவது பெட்டியில் அவர் தாள் போட்டாரா என்று நான் கேட்டதில்லை.

“இம்முறையும் ஊரைக் கேட்கமாட்டீர்களா மிஸ்?”

“கேட்கமாட்டோம்.”

“அப்படியென்றால் மழையில் யாருக்குக் கஷ்டம் என்று எப்படித் தெரியும்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து இறங்குகிறீர்கள் என்று கேளுங்கள். ஆறு மணிக்கு முன்னால் இறங்குகிறவள் நான் மட்டும் இல்லை.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அந்தக் கேள்வியை அவர் சொன்னபடியே முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.