மாட்டு மணி: 2013 நாட்குறிப்பு

ஜனவரி 9, புதன்

எங்கள் ஊர் என்பிஏ கூடைப்பந்து டீமை, சாக்ரமெண்டோ கிங்ஸை, விற்கப் போகிறார்களாம். சியாட்டிலுக்கு.

ஜனவரி 12, சனி

மூன்று நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. மகள் குட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 21, திங்கள்

உறுதியாகிவிட்டது. டீமின் ஓனர்களான மலூஃப் குடும்பம் 65 சதவீதப் பங்கை சியாட்டிலின் கிறிஸ் ஹேன்சன் குழுவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டது. டீமின் மொத்த மதிப்பு 52.5 கோடி டாலர் என்று கணக்கு. ஹேன்சனோடு ஸ்டீவ் பால்மரும் இருக்கிறார். மைக்ரோசாஃப்ட் பணத்துக்கு முன்னால் சாக்ரமெண்டோ எந்த மூலைக்கு?

மலூஃப்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. 2002இல் இதே குடும்பத்தை எழுந்து நின்று கைதட்டியவன் நான். அதுவும் சேர்ந்து வலிக்கிறது.

சியாட்டில்காரர்களைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. 41 வருஷம் அவர்களிடம் சோனிக்ஸ் இருந்தது. 2006இல் புது ஓனர் வந்தார், 2008இல் டீம் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். புது ஓனர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது அந்த இரண்டு வருஷம்தான் கண்முன் வருகிறது.

பிப்ரவரி 3

குட்டியிடம் சொல்லிவிட்டேன். "கசின்ஸும் போயிடுவாராப்பா?" என்று கேட்டாள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் என்றேன்.

பிப்ரவரி 20

ஆட்டத்துக்குக் கொண்டுபோய் ஆட்டும் மாட்டு மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது. பக்கத்து சீட் தாத்தா தன் சாவிக்கொத்திலிருந்த வளையத்தைக் கழற்றி, அதில் ஒரு போல்ட்டைக் கோத்து, உள்ளே மாட்டிக் கொடுத்தார். பழைய சத்தம் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. குட்டிக்கு இதுதான் பிடித்திருக்கிறதாம்.

தாத்தாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. டீம் ஆடும் இந்த அரீனா திறந்த 1988லிருந்து வருகிறவர். டீம் போவதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மார்ச் 26, செவ்வாய். இரவு

நகர மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 7-2. டீமை இங்கேயே வைத்துக்கொள்ள டவுன்டவுனில் 44.8 கோடி டாலரில் புது அரீனா, அதில் நகரத்தின் பங்கு 25.8 கோடி.

சந்தோஷம்தான். ஆனாலும் அந்த இரண்டு பேர் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. இந்த ஊர் பணத்துக்குத் திண்டாடிய வருஷங்களை நானும் பார்த்தவன். பொதுப்பணம் பொதுப்பணம்தான். இருந்தும் மன்றத்தில் உட்கார்ந்திருந்தால் கையைத் தூக்கித்தான் இருப்பேன். இது சரியா என்று யாராவது கேட்டால் என்னிடம் உருப்படியான பதில் கிடையாது.

வாங்க வருகிற நம் பக்கக் குழுவில் புதிதாக ஒரு பெயர்: விவேக் ரணதிவே. மும்பையில் பிறந்தவர், டிப்கோ கம்பெனியை ஆரம்பித்தவர், வாரியர்ஸ் என்ற இன்னொரு டீமில் சின்னப் பங்கு வைத்திருப்பவர். ஆபீஸில் காலையிலிருந்து "உங்க ஆள்" என்கிறார்கள். எங்கே பிறந்தவர் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. எங்கே இருக்க வைப்பார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 3

நியூயார்க்கில் என்பிஏ ஓனர்களின் கமிட்டி முன்னால் இரண்டு ஊரும் தங்கள் தரப்பைச் சொல்லிவிட்டன. எங்கள் மேயர் கெவின் ஜான்சன் தானே ஆடியவர், ஃபீனிக்ஸ் டீமில் பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டு. கடைசி நிமிஷத்தில் பந்தை யார் கையில் கொடுப்பது என்றால் இவரிடம் கொடுக்கலாம்.

ஏப்ரல் 17, புதன்

சீசன் முடிந்தது. கிளிப்பர்ஸ் 112, நாம் 108. மொத்தக் கணக்கு 28 வெற்றி, 54 தோல்வி.

விசில் ஊதிய பிறகும் எழுந்து போக மனம் வரவில்லை. சுற்றிலும் நிறைய பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா வரவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் மகள் சொன்னாள். அவருடைய காலி சீட்டில் குட்டி மணியை வைத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சீட்டின் கைப்பிடியில் பெயின்ட் உரிந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகத்துக்குள் கறுப்பு.

ஏப்ரல் 29, திங்கள்

7-0! இடம் மாற்றக் கூடாது என்று கமிட்டி பரிந்துரை. ஏழு பேரில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை!

குட்டி சோபா மேல் ஏறிக் குதித்தாள். நானும் திட்டவில்லை.

மே 11

ஹேன்சன் மதிப்பை 62.5 கோடிக்கு ஏற்றிவிட்டார். ஒரே அடியில். தாத்தாவுக்கு போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

மே 14

1985இல் இந்த டீம் கேன்சஸ் சிட்டியிலிருந்து இங்கே வந்தது. அதற்கு முன்னால் சின்சினாட்டி, அதற்கும் முன்னால் ராசெஸ்டர். நம் கையில் இருப்பதே இன்னொரு ஊர் இழந்ததுதான். அங்கேயும் ஓர் அப்பன் தன் பிள்ளையிடம் சொல்ல முடியாமல் மூன்று நாள் முழித்திருப்பான். நாளைக்கு ஓட்டு. இதையெல்லாம் இன்றைக்கு நினைத்திருக்க வேண்டாம்.

மே 15, புதன்

இருக்கிறது. நம்மோடுதான் இருக்கிறது.

டாலஸில் 30 டீம்களின் ஓனர்கள். இடம் மாறப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும், அதாவது 16. காலையிலிருந்து வேலை ஓடவில்லை. மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் போன். என் முறை வந்தபோது என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை. போன் அதிர்ந்தது. 22-8 என்று மட்டும் தெரிந்தது. எந்தப் பக்கம் 22? அதைப் படிக்க எனக்கு தைரியம் வரவில்லை. திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எதிரே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, தன் போனை எடுத்துப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கடைசியாக எப்போது அழுதேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் குட்டியைக் கூட்டிக்கொண்டு அரீனா பார்க்கிங்குக்குப் போனேன். யாரோ ஹாரன் அடிக்க, எல்லோரும் அடித்தார்கள். இவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மணியை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

சியாட்டிலில் இன்று இரவு என் வயதுக்காரன் ஒருவன் என்ன செய்துகொண்டிருப்பான்?

மே 17

மலூஃப்கள் ரணதிவே குழுவுக்கே விற்கிறார்கள். மதிப்பு 53.5 கோடி.

மே 23

ரணதிவே தன் மகளின் டீமுக்கு கோச்சாக இருந்த கதையைப் படித்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்கள், பெரிய திறமை இல்லை. மைதானம் முழுக்க எதிரணியை விடாமல் நெருக்கி பிரஸ் செய்ய வைத்தே தேசியப் போட்டி வரை கூட்டிப்போயிருக்கிறார். இரண்டு முறை படித்தேன். குட்டிக்கும் வாசித்துக் காட்டினேன். நம்பிக்கை வைக்க இவ்வளவு போதுமா? எனக்கு இன்றைக்குப் போதும்.

மே 31, வெள்ளி

கைமாறிவிட்டது. கோச் கீத் ஸ்மார்ட்டையும் அனுப்பிவிட்டார்கள்.

இதே மே 31, 2002. லேக்கர்ஸ் டீமுடன் ப்ளேஆஃபில், அதாவது ஏழு ஆட்ட நாக்அவுட் தொடரில், ஆறாவது ஆட்டம். கடைசி கால்பகுதியில் மட்டும் அவர்களுக்கு 27 ஃப்ரீ த்ரோ, எதிரணியின் தப்புக்கு நடுவர் கொடுக்கும் தடையில்லா எறிதல். நாலு பாயிண்டில் தோற்றோம். பதினோரு வருஷமாக இந்த எண்ணைத்தான் சொல்லிச் சொல்லி ஆறுகிறேன். ஆனால் ஏழாவது ஆட்டம் நம் ஊரில், நம் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது. நாம் 30 ஃப்ரீ த்ரோ எடுத்து 14 விட்டோம். அதை யாரும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை. புது ஓனர் வந்த நாளிலாவது எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4

புது கோச் மைக் மலோன். வாரியர்ஸில் உதவி கோச்சாக இருந்தவர், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர் என்கிறார்கள். நமக்குத் தேவையும் அதுதான். ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஜெனரல் மேனேஜர் இன்னும் வரவில்லை. ஆட்களைப் பொறுக்கப் போகிறவர் வருவதற்கு முன்பே ஆட்டுவிக்கிறவரை வைத்தாகிவிட்டது. நாளைக்கு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் பேச்சு எடுபடும்? ஓனர் பேச்சா?

ஜூன் 27

புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட். ஏழாவது இடம் வரை பென் மெக்லெமோர் மிஞ்சியிருந்தார்! நம் கைக்கு வந்துவிட்டார்.

ஜூலை 6

டைரீக் எவன்ஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போகிறார். 2010இல் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம். அவர் பெயர் போட்ட சட்டை குட்டிக்குச் சின்னதாகியே இரண்டு வருஷம் ஆயிற்று. தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 19

தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் தேய்ந்திருக்கிறது. முதல் கேள்வியே "சீட்டைப் புதுப்பித்தாயா?" என்பதுதான். இரண்டையும் புதுப்பித்தேன் என்றேன். இரண்டு இல்லை, மூன்று என்று திருத்தினார்.

செப்டம்பர் 24

ஷக்கீல் ஓ'நீல் நம் ஓனர்களில் ஒருவர். லேக்கர்ஸில் ஆடியபோது சாக்ரமெண்டோ குயின்ஸ் என்று நம்மைக் கேலி பண்ணிய அதே ஷக். என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. குட்டிக்கு அந்தப் பழைய பகை எதுவும் தெரியாது. கடைசி ப்ளேஆஃப் நடந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

அக்டோபர் 30, புதன். நள்ளிரவு தாண்டிவிட்டது

90-88. டென்வரை ஜெயித்தோம். கசின்ஸ் 30 பாயிண்ட், 14 ரீபவுண்ட்.

தொண்டை போய்விட்டது. தாத்தாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார் மகள். மேலே எங்கள் வரிசைக்கு ஏற முடியாது, கீழே நாற்காலிக்கென்று இருக்கும் இடத்தில் இருந்தார். இடைவேளையில் குட்டி இறங்கிப் போய் மணியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். நான்காம் கால்பகுதி முழுக்க, பதினேழாயிரம் பேர் சத்தத்துக்கு நடுவே, அந்தக் கரகரப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை கேட்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளிப்பர்ஸ். மகளுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறதாம். தாத்தாவை நான் போய்க் கூட்டி வர வேண்டும். அந்த நாற்காலி என் காரில் மடங்குமா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.